அவள் மாட்டிய பலகை

1

இந்தக் கதை நானாக எழுத உட்கார்ந்ததல்ல. என் மனைவி இழுத்துவிட்ட வேலை. அவளுடைய மின்சார அலுவலகத்தில் கோடைப் புயல்கள் தொடங்கும் முன் ஒரு பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். தண்ணீர் குடியுங்கள், கையுறையைச் சோதியுங்கள் என்று துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். எல்லாரும் அதை மடித்து விசிறிக்கொள்வார்கள். இந்த ஆண்டு அதில் ஒரு கதை போடலாம் என்று யாரோ சொல்ல, இவள் கையைத் தூக்கியிருக்கிறாள்: "எங்க வீட்டுல ஒருத்தர் எழுதிக்கிட்டே இருக்கார், ஒண்ணையும் முடிச்ச பாடில்ல. அவர்கிட்ட குடுங்க."

அவள் லைன்மேன். பதவியின் பெயரே அப்படித்தான், மாற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டது. இடி முழங்கியது. அவள் கம்பத்தில் ஏற..."

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இடி இடிக்கிறப்போ எவ ஏறுவா? வண்டிக்குள்ள உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருப்போம்."

அடித்துவிட்டேன். (பிஸ்கட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். எங்காவது உதவும்.)

3

இரண்டாம் தொடக்கம் போன கோடையில் நடந்ததைப் பற்றியது. அதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். லைனில் கைவைக்கப் போகிறவர் முதலில் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்புப் பலகையை அதில் மாட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பலகை. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். அதிகாரியே ஆனாலும் அடுத்தவர் பலகையைத் தொடக்கூடாது.

புயல் ஓய்ந்த மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. இருபது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மதியம் வீடு வந்தவள், குளித்ததும் கட்டிலில் விழுந்தாள். பலகையைக் கழற்ற மறந்துவிட்டாள். மூன்று மணிக்கு அவள் போன் அடித்தது. எடுத்தவர், வீட்டுக்கு வந்திருந்த அவளுடைய அண்ணன்.

பேசியது பயிற்சிக்கு வந்திருந்த பெண். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பதால் அவளுக்குக் 'கேள்வி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்காவோட பலகை இன்னும் தொங்குது. அவங்க வரணும்."

"அவ இங்க தூங்குறாம்மா. நீ சுவிட்சைப் போடு."

"அக்கா வரணும்."

"கம்பத்துல இருந்து இறங்கிட்டா, குளிச்சுட்டா, இப்போ குறட்டை விடுறா. வேணும்னா போனைக் கிட்ட வைக்கிறேன், கேளு. நான்தான் சொல்றேன்ல, போடு!"

"பலகைய மாட்டினது நீங்க இல்லையே!"

(அந்தப் பக்கம் தெருவே கூடி நின்று கரண்ட் கேட்டுச் சத்தம் போட்டது போனிலேயே கேட்டது. ஒரு குழந்தை அழுதது. யாரோ, "நேத்து வந்த பொண்ணுக்கு இவ்வளவு பிடிவாதமா?" என்றார்.)

4

இந்த இடத்தில், தாளின் ஓரத்தில் என் மனைவி பென்சிலால் எழுதியிருந்தாள்: "எனக்கு ஏது அண்ணன்?"

இல்லைதான். இரண்டு நாள் அந்த அண்ணனுக்கு மீசை வைத்தேன், முன்கோபம் கொடுத்தேன், ஒட்டவேயில்லை. போனை எடுத்தவன் நான். "போடு" என்று கத்தியவனும் நான். இருபது மணி நேரம் கண்விழித்தவளை ஒரு பலகைக்காக எழுப்ப மனம் வரவில்லை. அது அன்புதான். அன்று அந்த அன்பு ஓர் ஆளைக் கொன்றிருக்கும்.

5

முணுமுணுத்துக்கொண்டே அவளை எழுப்பி ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். சுவிட்சுக்குக் குறுக்கே கையை விரித்தபடி கேள்வி நின்றிருந்தாள்.

பலகையைக் கழற்றும் முன் லைன் நெடுகப் பார்ப்பது என் மனைவியின் வழக்கம். பார்த்தாள். கடைசிக் கம்பத்தில், மரக்கிளைக்குப் பின்னால், மஞ்சள் ஹெல்மெட் ஒன்று அசைந்தது.

ஒட்டகம்! அவளோடு வேலை பார்க்கும் லைன்மேன். நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காதவர் என்பதால் வந்த பெயர். ஒரு வீட்டுக்குப் போகும் கம்பி அறுந்து கிடக்கிறதே என்று மறுபடி ஏறியிருக்கிறார்.

அவரை இறக்கி நிழலில் உட்காரவைத்த பிறகுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "உன் பலகை எங்க?"

"உன்னோடது தொங்குதே, அது போதும்னு நெனச்சேன்."

"அது என் உசுருக்கு மாட்டினது. உனக்கு யாரு மாட்டுவா? கரண்ட் வந்தா தரைக்கு இறங்கட்டும்னு எர்த்தாவது கட்டினியா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"தண்ணி எப்போ குடிச்ச?"

"காலைல... நேத்து காலைல."

வெயிலில் அவருக்கு மூளை குழம்பியிருந்தது. திட்டிக்கொண்டே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தாள். இந்த இடத்தைப் படித்ததும் என் பக்கம் திரும்பி, "நானும்தான் மறந்துட்டேன். அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அன்று நான் அங்கேயே சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

6

முடிவுகள்.

அ) கேள்வி என் பேச்சைக் கேட்டுப் பலகையைக் கழற்றி, சுவிட்சை

(மூன்று முறை தொடங்கினேன். இதற்கு மேல் பேனா நகரவில்லை.)

ஆ) கேள்விக்கு மேடையில் பாராட்டு, பொன்னாடை. இதை என் மனைவி அடித்துவிட்டாள். "அப்படி ஒண்ணும் நடக்கல. ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் குடுத்தேன், எனக்கும் ரெண்டு குடுத்தா."

இ) இன்று பிற்பகல். நேற்றும் புயல், வேலை முடித்து வந்தவள் உள்ளே தூங்குகிறாள். இந்த முறை பலகையைக் கழற்றிவிட்டாளா என்று செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டேன். முறைத்தாள். அந்த முறைப்பில் எனக்கு ஏக மகிழ்ச்சி.

கதையை இப்படியே முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் போனுக்குப் பக்கத்தில் அண்ணனை நீக்கிய இடம் காலியாகக் கிடக்கிறது, நானும் எழுந்துவிட்டேன். நீங்கள் உட்காருங்கள். வெயில் கொளுத்துகிறது. உங்களுக்கு உயிரான ஒருத்தி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள். போன் அடிக்கிறது.

எடுங்கள்.