தம்பிஐயா தன் படலையில் வாசித்த நாள்

1

“ஆக்கள் சொல்லுறதை அப்பிடியே எழுதுவியோ பிள்ளை, கூட்டிக் குறைக்காமல்?”

இப்படிக் கேட்டவர் தில்லைநாதன். ஓய்வுபெற்ற தபாலதிபர், பிள்ளையார் கோவில் பரிபாலன சபையின் செயலாளர். கேட்கப்பட்டவள் துஷாந்தினி. அவள் தலையாட்டினாள். இந்தக் கதை அந்தத் தலையாட்டலில்தான் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். வாய் திறந்து ‘ஓம்’ என்று சொல்லியிருந்தால் அது வாக்கு. தலையாட்டலை எப்படியும் விளங்கிக்கொள்ளலாம்.

(இதை எழுதுகிறவளும் துஷாந்தினிதான். ‘நான்’ என்று தொடங்கினால், வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னது போலக் கை விறைத்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் அந்த விறைப்பால்தான். ஆகவே ‘அவள்’. ‘அவள்’ என்றால் எவ்வளவும் எழுதலாம்.)

2

முதல் தொடக்கம்:

‘அளவெட்டிக்கு அடுத்த ஊர் எங்களுடையது. நாதஸ்வர வித்துவான் தம்பிஐயா பிறந்ததனால் கடல் கடந்தும் புகழ் பெற்ற

அவ்வளவோடு நிறுத்திவிட்டாள். நூற்றாண்டு மலரின் வாழ்த்துரைகள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.

இரண்டாவது தொடக்கம்:

‘தம்பிஐயா தோடி வாசித்தால் மாடுகூட மேய்வதை நிறுத்திவிட்டு

இதுவும் வேண்டாம். மாட்டிடம் ஒருவரும் விசாரிக்கவில்லை.

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. தம்பிஐயா செத்து இருபது வருடம். பிறந்து நூறு வருடம். ஊர் ஒரு மலர் வெளியிட நினைத்தது. வீடு வீடாகப் போய் அவரைப் பற்றிய ஞாபகங்களை எழுதி வர ஒரு நல்ல கையெழுத்துத் தேவைப்பட்டது. குறுக்கே பேசாத ஆளாகவும் இருந்தால் நல்லது என்று தில்லைநாதன் நினைத்தார். சபை அவளிடம் எழுதுவதற்கு ஒரு கட்டுச் சி.ஆர். கொப்பி கொடுத்தது.

இங்கே ஒரு வழமையைச் சொல்ல வேண்டும். வேட்டைத் திருவிழா அன்று பின்னேரம் பிள்ளையார் குதிரை வாகனத்தில் ஊருக்குள் வருவார். மேளம் முன்னால் வரும். சுவாமி மேளத்துக்குப் பின்னால் வரும். வீட்டு வாசல்களில் படலைக்குப் படலை நிறைகுடம் வைத்திருப்பார்கள். ஐயர் தீபம் காட்டியதும் ஊர்வலம் அடுத்த படலைக்குப் போய்விடும். ஆனால் தம்பிஐயாவுக்கு மனம் வந்துவிட்டால், ஏதாவது ஒரு படலையில் நின்று ஒரு ராகத்தை முழுதாக வாசித்து முடித்த பிறகுதான் நகர்வாராம். எந்தப் படலை என்பதில்தான் சிக்கல்.

“எழுது,” என்றார் முதல் வீட்டுக்காரர் முத்துக்குமாரு. “எங்கடை படலையிலை ஒண்டரை மணித்தியாலம். கல்யாணி.”

“முக்கால் மணித்தியாலம். காம்போதி,” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“நீ அப்ப குசினிக்கை நிண்டனி. உனக்கென்ன தெரியும்?”

“குசினிக்கை நிண்டபடியால்தான் தெரியும். அவர் வாசிச்சு முடிய நான் மூண்டு தாச்சி வடை சுட்டனான். மூண்டு தாச்சி வடை முக்கால் மணித்தியாலம்.”

“எந்த வருசம்?” என்று கேட்பதற்குப் பதிலாக அவள் பென்சிலைத் தூக்கிக் காட்டினாள்.

“இடம்பெயர முதல் வருசம்,” என்றார்கள் இருவரும். இதில் மட்டும் சண்டை இல்லை.

எல்லா வீட்டிலும் அதே வருடம்தான். அந்த வருடத்துக்குப் படம் இல்லை, நோட்டீஸ் இல்லை. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடும்போது ஒருவரும் பட ஆல்பத்தைத் தூக்கவில்லை. எல்லா வீடுகளும் சொன்னது உண்மையென்றால், பிள்ளையார் ஊர் சுற்றிக் கோவிலுக்குத் திரும்ப மூன்று நாள் பிடித்திருக்கும். இடையில் வரும் தேர், சுவாமி இல்லாமல்தான் இழுபட்டிருக்கும். ஆனாலும் அவள் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படியே எழுதினாள்.

3

கடைசி வீடு தம்பிஐயாவின் மகள் கேதீஸ்வரியுடையது. வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுக்கிறவர். மேளகாரர் ஒழுங்கை என்ற சிறு தெருவின் அந்தத்தில் இருக்கிறார்.

“இஞ்சை சுவாமி வாறேல்லை,” என்றார் மெஷினை நிறுத்தாமல். “ஒழுங்கை ஒடுக்கமாம். வாகனம் வராதாம்.”

(ஒடுக்கம் என்ற அந்தச் சொல்லுக்குள் ஊர் தன் சாதியை வைத்துப் பூட்டியிருந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மலரிலும் வராது. இந்தக் கொப்பியில் வரலாம்.)

கேதீஸ்வரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எண்டாலும் அம்மா ஒவ்வொரு வருசமும் கும்பம் வைச்சவ. நல்ல சீலை உடுத்து, தலைக்குப் பூ வைச்சுக்கொண்டு படலையிலை நிப்பா. ஐயாவின்ரை நாதஸ்வரம் சந்தி வரைக்கும் வந்திட்டு அங்காலை திரும்பிப் போற சத்தம் கேக்கும். பேந்து கும்பத்தைத் தூக்கி உள்ளை வைச்சிட்டு, ஐயா வர முதல் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பா.” மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். “உதை எழுதிப்போடாதையும்.”

அவள் அதை எழுதவில்லை. வீட்டுக்கு வந்து தன் சொந்தக் கொப்பியில் அதற்கு நேர்மாறானதை எழுதினாள்:

‘சந்திக்கு வந்ததும் தம்பிஐயா நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுக்காமலே இடது பக்கம் திரும்பினார். மேளம் திரும்பினால் சுவாமியும் திரும்பத்தானே வேண்டும். குதிரை வாகனம் ஒழுங்கைக்குள் வந்தது. படலையில் அவர் மனைவி நீலச் [அரக்குச்] சீலையுடன்* கும்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று கும்பத்தின் மாவிலையில் ஒன்றைக் கடித்தது. ஒருவரும் அதை விரட்டவில்லை. தம்பிஐயா மோகனம் வாசித்தார். அன்றைக்கு அவர் வேறு எங்கும் நிற்கவில்லை.’

* அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் துஷாந்தினியின் கையெழுத்து அல்ல. ஏன் என்பது ஏழாம் பகுதியில்.

4

பள்ளிக்கூடத்தை விட்டாலும் கொப்பிக்கு மண்ணிறத் தாளில் உறை போடும் பழக்கம் அவளை விடவில்லை. சபையின் கொப்பிகளுக்கும் அதே உறை, அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் தன் கொப்பிக்கும் அதே உறை. கட்டோடு கட்டாகத் தில்லைநாதனிடம் கொடுத்தபோது அதுவும் போய்விட்டது, தவறு

(இங்கே ‘தவறுதலாக’ என்று இருந்தது. அழித்தாள். திரும்ப எழுதினாள். திரும்ப அழிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தச் சொல் இப்போது இருக்கிற நிலைதான் உண்மைக்கு மிகக் கிட்டியது.)

யாழ்ப்பாணத்தில் மலரை அச்சடித்தவர் எமில்ராஜ். ஒவ்வொரு ஞாபகத்துக்கும் மேலே சொன்னவரின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. யோசித்துவிட்டு ‘ஓர் அடியவர்’ என்று போட்டுவிட்டார். நல்ல பெரிய எழுத்தில்.

5

மலர் வெளிவந்த அன்று துஷாந்தினி கோவில் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். ஊர் முழுவதும் வாசித்தது. ‘பொய்’ என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

“அந்த ஆடு எங்கடை,” என்றார் முத்துக்குமாரு.

“எங்களிட்டை எப்ப ஆடு நிண்டது?” என்றார் அவர் மனைவி.

“இடம்பெயர முதல் வருசம்!”

அதன்பிறகு ஞாபகங்கள் தடையில்லாமல் வந்தன. ஒருவர் அன்றைக்குப் பந்தம் பிடித்திருந்தார். இன்னொருவரின் செருப்பு அந்த ஒழுங்கையில்தான் தொலைந்தது. மோகனம் இல்லை, மத்தியமாவதி என்று ஒருவர் திருத்தினார். அவள் கற்பனையாய் எழுதிய ராகத்தை அவளுக்கே திருத்தினார்!

சபைக் கூட்டத்தில் தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “முந்திப் போனதெண்டால் அது வழமை. வழமையை விட்டது எங்கடை பிழை. இந்த வருசம் சுவாமி போகவேணும்.”

“ஒழுங்கை ஒடுக்கமெல்லோ?” என்றது ஒரு குரல்.

மேசன் வேலை செய்யும் சுபாங்கன் அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தான். “வாகனம் போகும். ரண்டு பக்கமும் ஆளும் நடக்கலாம்.”

“அப்ப இவ்வளவு காலமும்?”

“இவ்வளவு காலமும் ஒருத்தரும் அளக்கேல்லை, அண்ணை.”

நோட்டீசும் அடித்தாயிற்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் சுவாமி மேளகாரர் ஒழுங்கைக்குள் போகும்.

இப்போது இந்தக் கதையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பொய்யை எழுதியவள். மற்றவர் ‘எழுதிப்போடாதையும்’ என்று சொன்னவர். உண்மையைச் சொன்னால் சுவாமி பழையபடி சந்தியால் திரும்பிவிடும். சொல்லாவிட்டால் ஒரு தாயின் காத்திருப்பு, அச்செழுத்தில், நடக்காததாகிவிடும்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தாள்.

முடிவு ஒன்று: துஷாந்தினி தில்லைநாதனிடம் போய் உண்மையைச் சொல்கிறாள்.

(இதைச் செய்தும் பார்த்தாள். போனாள். “என்ன பிள்ளை?” என்றார். வாய் திறந்தாள். “உங்கடை வளவிலை... மாவிலை இருக்கோ?” என்று வந்தது. “எவ்வளவும் பிடுங்கிக்கொண்டு போ,” என்றார். ஒரு சாக்கு மாவிலையுடன் வீட்டுக்கு வந்தாள். சாக்கு இன்னும் படலையடியில் இருக்கிறது.)

முடிவு இரண்டு: சுவாமி போகிறது, எல்லோரும் அழுகிறார்கள், வானம் லேசாகத் தூறுகிறது. மிகவும் வடிவான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. ஆட்டுக்கு வேறு ஒழுங்கு செய்ய வேண்டும்.

முடிவு மூன்று: ஊர் கூடியிருக்கிறது. சந்தியில் கேதீஸ்வரி வாய் திறந்து

அதற்கு மேல் ஓடவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது எழுதுகிறவளுக்குத் தெரியாது.

7

இன்று வியாழக்கிழமை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு படலையில் சைக்கிள் மணி கேட்டது. கேதீஸ்வரி. சைக்கிள் கூடையில் மலர் கிடந்தது.

உள்ளே வந்து கதிரையில் இருந்தார். விரித்த பக்கத்தை நீட்டினார்.

“உந்த ‘ஓர் அடியவர்’ ஆரெண்டு தெரியுமோ உமக்கு?”

இந்த முறை அவள் தலையாட்டவில்லை. அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு, இந்தக் கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். அச்சகத்துக்குப் போனதற்குப் பதிலாக வாங்கி, அதே இடத்தில் ஒளித்து வைத்தது; நீங்கள் இதுவரை வாசித்த ஆறு பகுதிகளும் இருந்த கொப்பி. அம்மாவுக்குக்கூட இதுவரை காட்டாதது.

கேதீஸ்வரி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். தையற்காரர் துணியைப் பார்ப்பது போல, கிட்டப் பிடித்து, மெதுவாக. மூன்று தாச்சி வடையில் சிரிப்பு வந்தது. மூன்றாம் பகுதியில் நின்றுவிட்டார். விரல் ஒரு வரியிலேயே இருந்தது. கடைசி வரை வாசித்துவிட்டு, திரும்பவும் அந்த வரிக்கே வந்தார். அவளுடைய பென்சிலுக்குக் கை நீட்டினார்.

‘பொய்’ என்று குறுக்கே எழுதப் போகிறார் என்று துஷாந்தினி நினைத்தாள். எழுதட்டும் என்றும் நினைத்தாள். எழுதினால், நாளைக்கு அந்தப் பக்கத்தைத் தில்லைநாதனிடம் கொண்டுபோய் நீட்டலாம்; பேசத் தேவையில்லை.

கேதீஸ்வரி ‘நீலச்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில், அழுத்தி, ‘அரக்குச்’ என்று எழுதினார். பென்சிலைக் கொப்பிக்குள் வைத்து மூடி அவள் கையில் தந்தார்.

“அன்ரி,” என்றாள் அவள். குரல் தன்னுடையது போலவே இல்லை. “நாளைக்குக் கும்பம் வைப்பியளோ?”

(வாசிக்கிறவருக்கு: நாளைப் பின்னேரம் நாலரைக்கு மேளம் சந்திக்கு வரும். அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், படலையில் யார் நிற்க வேண்டும், எந்தச் சீலையுடன் என்பதை நீங்கள் எழுதலாம். இதன் கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறாள். ஆடு உங்கள் விருப்பம்.)

குசினிக்குள்ளிருந்து அம்மா, “தேத்தண்ணி ஊத்துறன், இருங்கோ,” என்றார். கேதீஸ்வரி எழும்பினார். படலையடியில் மாவிலைச் சாக்குக்குப் பக்கத்தில் சற்று நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார்.