பூஜையில் வைத்த நோட்டு

என் கணவர் பொன்னுவேலுக்கு ஊருக்குக் கிளம்ப ஒரு பை இருந்தால் போதும். ரூமைப் பற்றிக் கேட்டால் "போய்ப் பாத்துக்கலாம்" என்பார். அப்படிப் போய்ப் பார்த்த லட்சணம்தான், கல்யாணமான புதிதில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், கடும் காய்ச்சலோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராத்திரி. அன்றைக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை மனிதர். பத்து வருஷமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் இந்தப் புரட்டாசியில் நானே முந்திக்கொண்டேன். ஆயுத பூஜையன்று அவருடைய லாரிப் பட்டறையில் சாமான்களைச் சாமிக்கு வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். அவருக்கு ஓய்வு என்றால் அப்போதுதான். இரண்டு மாதம் முன்பே, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து அதே ஏற்காட்டில் ஏரிக்கரை விடுதி ஒன்றில் பேசி அறை சொல்லி வைத்தேன். பேசிய தேதி, விடுதிக்காரர் பெயர், நம்பர் எல்லாம் என் டைரியில் இருந்தது. இந்த முறை அவருக்கு முன்னால் ஜெயித்துக் காட்ட வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

மத்தியானம் போய் இறங்கினோம். ஒரே மூடுபனி. வரவேற்பறையில் ஜெயகுமாரி என்ற பெண் மட்டும் இருந்தாள்.

"ஏனுங்கக்கா, ரூம் எல்லாம் குடுத்தாச்சுங்களே."

"ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கேன். தேவகுமாரின்னு நோட்டுல பாரு."

அவள் மூலையைக் காட்டினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால், சந்தனம் குங்குமத்தோடு, பொரி கடலைக்குப் பக்கத்தில் இருந்தது பதிவு நோட்டு.

"முதலாளி பூசை பண்ணி வெச்சுட்டு சேலம் போயிட்டாருங்க. நாளைக்குத்தானுங்களே பிரிக்கோணும்? ஞாபகத்துல இருந்தவிங்களுக்குப் போக, மீதிய வந்தவிங்களுக்குக் குடுத்துட்டேனுங்க."

"பூஜைல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுலயாச்சும் எழுதி வெச்சுக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். ஆதாரம் காட்டப் பைக்குள் கையை விட்டேன். டைரி இல்லை. எங்கே என்று உடனே நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் நானேதான் அதற்குச் சந்தனம் வைத்து, வீட்டுச் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கிவிட்டு வந்திருந்தேன்.

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் யாருக்கோ நாலைந்து தடவை அடித்துப் பார்த்தார். பிறகு, "நீ உக்காரு தேவி" என்று தூறலில் இறங்கி நடந்தார். ஏழெட்டு விடுதி ஏறி இறங்கி, சட்டை நனைந்து, இருட்டும் நேரத்தில் வந்து, எங்கேயும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் ஜெயகுமாரிதான் மனமிரங்கி வரவேற்பறையிலேயே பாய் போட்டுக் கொடுத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அந்த நோட்டு. தொட எனக்கும் துணிச்சல் வரவில்லை.

விஜயதசமி காலையில் அவர் டீ வாங்கப் போயிருந்தார். ஜெயகுமாரி சூடம் காட்டி நோட்டைப் பிரித்தாள். "நாலாம் நம்பரு. உங்க பேரு இருக்குதுங்கக்கா!" நான் ஜெயித்துவிட்டேன். அவள் தயங்கி, கீழே இருந்ததையும் படித்தாள். போனில் கேட்டதை அப்படியே எழுதி வைப்பது முதலாளியின் பழக்கமாம்.

"அவிங்க ஊட்டுக்காரர் பேசினார். ஏரி தெரியிற ரூமா வேணுமாம். முன்னொருக்கா காய்ச்சலோட பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சுட்டாராம், இந்தத் தடவ தப்பக் கூடாதாம். பேசினது அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாமாம்."

அதன் கீழே, "மறுக்கா பேசினார்" என்று இரண்டு முறை இருந்தது. என் டைரியிலிருந்து நம்பரைத் திருடியிருக்கிறார் மனிதர். நேற்று வெளியே போய் அடித்துப் பார்த்ததும் இந்த முதலாளிக்குத்தான்.

இரண்டு கையிலும் டீயோடு அவர் வந்தார். "என்ன, பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க." டீயை வாங்கிக்கொண்டு ஜெயகுமாரியிடம் சொன்னேன். "அடுத்த வருசத்துக்கும் நாலாம் நம்பரை இப்பவே எழுதிக்க, கண்ணு."

"உங்க பேர்லயேங்களாக்கா?"

"இல்ல, அவர் பேர்ல."

பொன்னுவேல் நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "டீ ஆறுது, குடி" என்றார்.