பகையாளியின் பாரம்

தெருவில் எல்லோரும் அவரைக் கடுகு என்றுதான் கூப்பிட்டார்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற ஆள். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அளந்து, அறுத்து, சன்னலுக்கும் அலமாரிக்கும் பொருத்திக் கொடுப்பார். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. அந்த வாய் அதிகமாக மென்று துப்பியது ஒரே ஆளைத்தான், அவருடைய சகலையை.

வேலையில்லாமல் நின்ற மச்சினி புருஷனைக் கடையில் சேர்த்து, கண்ணாடியில் கீறல் போட்டு அறுக்கக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவர் கடுகு. தொழில் கைவந்ததும் அவன் எதிர்வரிசையிலேயே கடை போட்டான். போட்டதோடு விட்டானா? கடுகு கனம் குறைந்த கண்ணாடியைத் தலையில் கட்டுகிறார் என்று வாடிக்கைக்காரர்களிடம் ஓதிவிட்டான். பாதிப் பேர் நம்பினார்கள். அதற்கப்புறம் அக்காளும் தங்கையும் போனில் பேசிக்கொண்டால்கூட கடுகுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவன் கடை நாசமாகப் போகட்டும் என்று ஜெபமே செய்திருக்கிறார். மனைவி கேட்டுவிட்டு, "இதுக்கு முழங்கால் வேற போடணுமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் போதகர் யாத்திராகமத்திலிருந்து ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டார். எபிரேயம் படித்த மனிதர். உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடப்பதைக் கண்டால் விட்டுவிட்டுப் போகாதே என்பது கட்டளை. மூலத்தில் 'அஸோவ் தஅஸோவ் இம்மோ' என்று வருகிறது, கட்டாயம் உதவு, அவனோடு சேர்ந்து உதவு என்று பொருள், என்றார்.

கடுகு எழுந்துவிட்டார். "அப்போ அவன்மேல பாசம் வேற வைக்கணுமா?"

"இந்த இடத்துல மனசைப் பத்திப் பேச்சே இல்ல. கைய மட்டும்தான் கேக்குறாரு."

"சரி. அவன் கால்மேல கால் போட்டு உக்காந்துக்கிட்டு, கட்டளை உனக்குத்தானே, நீயே தூக்குன்னு சொன்னா?"

போதகர் சிரித்தார். "அவனோடு சேர்ந்துன்னுதான் இருக்கு. அவன் உக்காந்துட்டா நீங்க போகலாம்னு அந்தக் காலத்து யூத குருமார் சொல்லியிருக்காங்க. ஆனா அவன் வயசானவனோ சீக்காளியோன்னா போகக் கூடாது."

முதல் பாதி கடுகுக்குத் தேனாக இனித்தது. இரண்டாம் பாதியை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சகலை கல்லுக்குண்டு மாதிரி இருந்தான்.

அந்த வாரமே சோதனை வந்தது. ஒரு வீட்டில் சன்னல் அளந்துவிட்டுத் திரும்பும்போது, மேட்டுத் தெரு வளைவில் சகலையின் வண்டி நின்றது. பின்சக்கரம் சாக்கடையில் இறங்கியிருந்தது. கட்டியிருந்த பட்டை அறுந்து, நிறுத்தி வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. அவன் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான். தோளை எடுத்தால் மொத்தமும் அவன்மேலேயே விழும்.

கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கத்தான் பார்த்தார். கால் வரவில்லை. இந்தப் பாழாய்ப்போன வகுப்புக்கு ஏன் போனோம் என்று இருந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்து, தன் பையிலிருந்த கயிற்றைப் போட்டுக் கண்ணாடிகளை வண்டியின் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார்.

"உன்னை யாரு கூப்பிட்டா?" என்றான் சகலை.

"உனக்காக ஒண்ணும் வரல. இந்தக் கயிறு ரொம்ப நேரம் தாங்காது. அந்த முனையப் பிடி."

முதல் கண்ணாடியை ஆளுக்கொரு முனையாகத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். இரண்டாவதைத் தூக்கும்போது கண்ணாடி அவன் பக்கம் கிடுகிடுவென்று ஆடியது. ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை, இதைக் கற்றுக்கொடுத்தது நம் தப்பு என்று கடுகு பல்லைக் கடித்தார். அதை வைத்ததும் சகலை நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

"மீதிய நீயே இறக்கு. பெரிய பக்திமானாச்சே. உங்க சாமி சொல்லித்தானே வந்திருப்ப."

கடுகுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆள் உட்கார்ந்துவிட்டான். கணக்குத் தீர்ந்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்போ சுமையும் உனக்கு, சாக்கடையும் உனக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வளைவு தாண்டும் முன் ஒருமுறை திரும்பினார். கயிறு எப்போது அறும் என்று பார்க்கத்தான், வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை. சகலை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அது திறக்கவில்லை. வலது கை தன் இஷ்டத்துக்கு ஆடியது. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தான், பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. சட்டென்று யாராவது பார்த்தார்களா என்று தெருவை நோட்டம் விட்டு, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

களைப்பில் ஆடுகிற கை இல்லை அது. கண்ணாடி அறுக்கிறவனுக்கு அந்தக் கை போனால் எல்லாம் போயிற்று. கடுகுக்கு முதலில் வந்தது மகிழ்ச்சிதான், ஜெபம் கேட்கப்பட்டுவிட்டதே என்ற மகிழ்ச்சி. அது தொண்டைக்குள்ளேயே கசந்தது. தன் கை ஆடினாலும், ஆடுகிறது என்று இவனிடம் சொல்வோமா? இப்படித்தான் திமிராக உட்கார்ந்திருப்போம். சனியனே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஒன்றும் கேட்காமல் மூன்றாவது கண்ணாடியைத் தனியாக மார்போடு அணைத்து இறக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. அதற்குள் கண்ணாடிக்காகக் காத்திருந்த கட்டடக் காண்டிராக்டர் கீழேயிருந்து ஏறி வந்துவிட்டார். ஒரு காலத்தில் கடுகின் வாடிக்கைக்காரர்.

"நீங்க தூக்குறீங்க, அவரு உக்காந்திருக்காரு?" என்றவர் குரலைத் தணித்தார். "அவருக்குக் கை நடுங்குதுன்னு நம்ம பசங்க சொன்னாங்க. நெசமா? நீங்க சொன்னா நம்புவேன். அடுத்த கட்டட வேலை மொத்தத்தையும் உங்களுக்கே குடுத்துடுறேன்."

சகலைக்கு அது கேட்டுவிட்டது. தலையைத் தூக்காமல் இருந்தான்.

ஒரே ஒரு வார்த்தை போதும். எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை.

"அந்தக் கையா?" என்றார் கடுகு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "என் கழுத்தை அறுத்த கை சார் அது. நடுங்குற கையால அவ்வளவு சுத்தமா அறுக்க முடியுமா? அவனுக்கு ஒரு கேடும் இல்ல, உடம்பு பூரா திமிரு. உங்க கண்ணாடி வந்து சேரும், போங்க."

காண்டிராக்டர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். சொன்னது பொய்க்கணக்கில் சேருமா என்று போதகரிடம் கேட்க வேண்டும் என்று கடுகுக்குத் தோன்றியது. கேட்க வேண்டாம் என்றும் தோன்றியது.

"உன் தயவுல பிழைக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான் சகலை.

"தயவா? செத்தாலும் உன்னை மன்னிக்க மாட்டேன். எழுந்து வந்து அந்த முனையப் பிடி."

"எந்தக் கையால பிடிக்கச் சொல்ற?"

"இருக்குற கையால."

அவன் எழுந்து வந்து பிடித்தான். கண்ணாடி இருவருக்கும் நடுவில் கிடுகிடுவென்று ஆடியது. கடுகு மனதுக்குள் அவனைக் கண்டபடி திட்டிக்கொண்டே தன் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்து, அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.