கருத்தப்பாண்டி எழுதிக் கொடுத்த ஊர்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, கால் மரத்தால் நீட்டிக்கலாம். கடல் தாண்டி வந்த தம்பியைச் சோதனைச் சாவடியிலிருந்து ஒரு அக்கா எப்படி மீட்டாள் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து நாலாம் வருஷம். கேரளத்து மலையில், சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் குருவம்மாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது சேதி வந்தது: "உன் தம்பி குடும்பத்த எல்லைச் சாவடியில நிறுத்தி வச்சிருக்காக!"

கூடையைப் போட்டுவிட்டுக் கொழுந்து லாரியில் தொற்றி ஏறினாள். ஏறாமல் இருப்பாளா பின்னே? பத்து வயதில் அப்பனோடு இலங்கைத் தோட்டத்துக்குப் போன கருத்தப்பாண்டி, எந்த நாட்டுக்காரனாகவும் இல்லாமல் அங்கே கிடந்து, இருபத்தாறு வருஷம் கழித்து இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்திருக்கிறான். அவனுக்கு வேலையும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் ஒரு வீடும் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பேர் பதியாவிட்டால் இரண்டும் வேறு ஆளுக்கு!

சாவடி பெஞ்சில் தம்பி, அவன் பெண்சாதி, மூன்று பிள்ளைகள், ஒரு தகரப்பெட்டி. ஏட்டு சுவக்கீன் தாளை ஆட்டினார்.

"அம்மே, குடியேறுற ஊர் ஆலடிக்குளம், திருநெல்வேலின்னு இதுல உண்டு. இங்க எதுக்கு வந்தான்? இவன் உன் தம்பின்னு ஆரு கண்டா? நாலு மணி பஸ்ஸில திருப்பி விடப்போறேன்."

குருவம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஆலடிக்குளத்தில் அவர்கள் குலசாமி சுடலைமாடன் இருக்கிறான். மனுஷ சொந்தம் ஒருத்தர்கூட இல்லை. இந்தியாவில் எங்கே போகிறாய் என்று இலங்கையில் அதிகாரி கேட்டதும், இவன் சாமி இருக்கிற ஊரைச் சொல்லித் தொலைத்திருக்கிறான்.

"ஏலே, அங்க உனக்கு யாருல கஞ்சி ஊத்துவா? மாடனா?"

"மொதல்ல அங்கதான போகணும்? நீ நேர்ந்த கிடாய யாரு வெட்டுவா?"

"கிடாயா? சேவல்தாம்லே! உனக்கு அம்மை போட்டப்ப நேர்ந்தவ நான்!"

"கிடாதான்! இத்தன வருசமாகியும் உன் கஞ்சத்தனம் போகலியே அக்கா!"

"வந்த காலோட என்னையக் கஞ்சப்பிசினாறிங்கியா?" என்று கை ஓங்கியவள், அந்தக் கையாலேயே அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சுவக்கீன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "மதி, மதி, போதும்! கூடப்பிறக்காதவன் இப்படிச் சண்டை போடுவானா? வேற சாட்சி வேண்டா. நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல ஊரை மாத்தி எழுது. இப்ப ஓடு!"

ஓடினார்கள்! பெட்டி அக்கா தலையில், கடைக்குட்டி தம்பி தோளில். மேலே போகும் லாரியைக் கை காட்டி நிறுத்தி, தோட்டத்து ஆபீசில் போய்க் குதித்தபோது கணக்கர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்ற ஆறு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி திறந்தார்.

"பேரு? ஊரு?"

தம்பி வாய் திறக்குமுன் குருவம்மாள் கத்தினாள்: "கருத்தப்பாண்டி! சூரியநெல்லி!"

உங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர்களும் ஒரு தடையில்லாமல் வந்து சேரட்டும் கண்ணுகளா. வந்தவர்கள் எல்லோருக்கும் போதும்படி உங்கள் அடுப்பில் சோறு பொங்கட்டும்.