தம்பி கேட்ட இங்கிலீஷ்

1

இந்தக் கதை ஓர் ஆங்கில வாக்கியத்திலிருந்து வந்தது. வாக்கியம் என்னுடையது. ஓர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்காமல் வருத்தம் தெரிவிக்கத் தெரியும் என்பதற்காகவே என்னை வைத்திருக்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்துகொண்டபோது..."

[அடித்துவிட்டேன். திறந்துகொண்டதாம். கதவின் மேல் பழி. கை பழக்கத்துக்கு ஓடுகிறது.]

2

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். மாதத்துக்கு நான்கு கட்டம். வாரம் ஒரு சோதனை, சோதித்ததும் ஒரு கையெழுத்து. முதல் வாரம் ஏறும்போதே நான்கையும் போட்டுவிடுவார்கள். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். லிஃப்ட் ஓடும்வரை அட்டையை யார் பார்க்கிறார்கள்?

மூன்றாவது வாரம் நான்காவது மாடிக் கதவின் பூட்டு தேய்ந்திருந்தது. லிஃப்ட் கீழே நிற்கும்போது திறக்கக் கூடாத கதவு, இழுத்ததும் திறந்தது. துப்புரவு செய்யும் அம்மா எப்போதும்போல வாளியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நுழைந்தார். உள்ளே தரை இல்லை.

(வாளி மேலேயே நின்றுவிட்டது. இதைக் கதைக்காகச் சேர்க்கவில்லை.)

உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

3

கம்பெனி தம்பியிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டது. தம்பி காகிதத்தோடு வந்தான்.

"நான்தான் பண்ணேன்னு எழுதுக்கா. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்னு."

"போலீஸ் கேஸாயிடும்டா."

"ஆகட்டும். அந்தம்மா வீட்டுக்காரர் என்னைப் போய் நல்லவன்னு நெனச்சுட்டு இருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போனா எழுந்து எடம் குடுக்கறாரு. எனக்கு வாயால சொல்ல வரல. கடிதாசியாவது சொல்லட்டும்."

எழுதிப் பார்த்தேன். 'மை ஃபால்ட்.' பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்வது. 'ஐ மெஸ்ட் அப்.' கோப்பையை உடைத்தவன் சொல்வது. [இரண்டும் உண்மை.] 'ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி.' பெரிய மனிதர்கள் சொன்னால் கைதட்டுவார்கள். மெக்கானிக் சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியில் எழுதியது: 'தி லாப்ஸ் இஸ் ரிக்ரெட்டட்.' குறைக்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. யாருடைய குறை, யாருக்கு வருத்தம், தெரியாது.

"இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

"பெரிய இங்கிலீஷ்ல அப்படித்தான்டா வரும். எல்லாம் உள்ளேயே இருக்கு."

கையெழுத்துப் போட்டான். பார்க்காமல் போட்டவை அட்டையில் மூன்று. இது நான்காவது.

4

அக்கா பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். பாசத்தால் செய்தாள் என்று எழுதலாம். பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியம் அமைந்த கணத்தில் அவளுக்கு ஒரு திருப்தி. தம்பியையோ அந்த அம்மாவையோ அவள் அப்போது

[முடிக்கவில்லை.]

சூப்பர்வைசர் தம்பிக்குப் போன் செய்தாராம்: "லெட்டர் பிரமாதம்பா. யாரு எழுதிக் குடுத்தது?"

5

நேற்று மாலை தம்பி ஒருவரை அழைத்துவந்தான். அந்த அம்மாவின் கணவர். கையில் கம்பெனி அனுப்பிய கடிதம்.

"அக்காவுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடுன்னு தம்பி கூட்டிட்டு வந்துச்சு. யாரு பண்ணதுன்னு போட்டிருக்காம்மா? காலு போச்சேன்னுகூட அவ அழல. யாருன்னு மட்டும் தெரியணுங்கறா."

தம்பி வாசலருகே நின்றான். பல் பிடுங்க வாயைத் திறந்து காத்திருப்பவன் முகம். தன் கடிதத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அது இதில் வந்திருக்கும், நான் வாசிப்பேன், எல்லாம் முடியும் என்று.

பிரித்தேன். இரண்டாவது பத்தியில் என் வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.

6

முடிவு ஒன்று: இருப்பதை வாசிக்கிறேன். யாரென்று போடவில்லை என்கிறேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார். தம்பி என்னைப் பார்க்கிறான். இனி எப்போதும் அப்படியே பார்ப்பான்.

முடிவு இரண்டு: இல்லாததை வாசிக்கிறேன். அவர் தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கிறார். அவனைத் தம்பி என்று அவர் கூப்பிடுவது அதோடு சரி.

முடிவு மூன்று: மறைத்தவள் நான் என்று அவர் காலில்...

[எனக்கு நானே குத்திக்கொள்ளும் மெடல். அடித்துவிட்டேன்.]

நேற்று நடந்ததை எழுதமாட்டேன். எழுதினால் நன்றாக எழுதிவிடுவேன்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. தம்பி செருப்பைக் கழற்றவில்லை. இந்தாருங்கள், கடிதம். இதுவரை வாசித்த உங்களுக்கும் படிக்கத் தெரியும்.

வாசித்துச் சொல்லுங்கள்.