மருந்து கெட்டிக்கும் நேரம்

பள்ளத்தில் வண்டி குதித்ததும் துண்டு நழுவியது. ஜெயசுதா அதை மறுபடி மடித்து அப்பாவின் வயிற்றில் வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினாள். விரல் இடுக்குகளில் சூடாக ரத்தம் வந்துகொண்டே இருந்தது. குட்டியானை லோடு வண்டியின் தகரத் தளத்தில் அது ஓடி, ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறியது.

"முதுகுல ஓட்ட இருக்குதா பாரு," என்றார் தனகோட்டி.

அவள் கையை அடியில் விட்டுத் தடவினாள். "இல்ல நைனா."

"அப்ப எல்லாம் உள்ளதான் கெடக்குது."

இருபத்தாறு வருஷம் ராணுவப் பட்டறையில் துப்பாக்கி பழுது பார்த்தவர் அவர். பழைய முந்நூற்று மூன்று ரைஃபிளில் தொழில் கற்று, எஸ்.எல்.ஆர் முதல் கடைசியாக வந்த இன்சாஸ் வரை கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவர். காஷ்மீரிலிருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பியவர். இன்று விடிந்தும் விடியாத நேரத்தில் தளவானூரில் தன் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து வேலி கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொல்லை பச்சமுத்து பன்றி என்று நினைத்து நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்ததும் அதே பச்சமுத்துதான். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், வாய்விட்டு அழுதபடி ஓட்டினான்.

"ரைஃபிள்னா குழலுக்குள்ள வரி இருக்கும். குண்டு சுத்திக்கினே நேரா வெளிய போயிடும். இதுல வரி இல்ல. உள்ள போட்டது சைக்கிள் பேரிங் பால்ஸு. போற எடமெல்லாம் கிழிக்கும்."

"பேசாத நைனா."

"அந்தக் காலத்துல கோட்டையில நின்னவன் புடிச்ச மாதிரி துப்பாக்கி ஜெயா. இன்னா இன்னாவோ பாத்துட்டு, போயும் போயும் இதுல..." சிரிக்கப் பார்த்தார். வாயோரம் ரத்தம் வழிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பச்சமுத்துவ ஒன்னும் பண்ண வாணாம். அந்தத் துப்பாக்கியோட குதிர ஒடஞ்சி கெடந்துது. ரெடி பண்ணது நானு. தம்பிகிட்ட சொல்லு."

அவளுக்கு அது தெரியும். போன மாதம் அவர் கேப்பில் அடித்து மருந்தைப் பற்றவைக்கும் அந்தக் குதிரையை அராவிப் பொருத்தியபோது, ஸ்பிரிங்கைக் குறடால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். லைசென்ஸ் இல்லாதது, வேண்டாம் நைனா என்று சொல்லிக்கொண்டேதான் பிடித்தாள்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரிந்தபோது மணிக்கட்டில் இருந்த பிடி விட்டுப்போனது. அவள் துண்டை எடுக்கவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேர் அவள் கையைப் பிரித்து எடுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். பச்சமுத்து அங்கேயே படியில் உட்கார்ந்தான். ஓடவில்லை. வீட்டுக்கும் போன் பண்ணவில்லை.

திண்டிவனத்தில் வேலை பார்க்கும் தம்பி பிரசாந்த் ஒன்பது மணிக்கு வந்தான். நேராகக் கொல்லைக்குப் போய்விட்டு வந்திருந்தான். வண்டியில் சாக்கு சுற்றி எடுத்து வந்ததை அவன் பிரித்தபோதுதான் ஜெயசுதாவுக்குப் புரிந்தது. அவள் எழுவதற்குள், கொல்லையில் கிடந்த அந்த நாட்டுத் துப்பாக்கியின் கட்டை பச்சமுத்துவின் தாடையில் இறங்கிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இரண்டாவது அடியில் பச்சமுத்து படியிலிருந்து உருண்டான். மூன்றாவது அடி காதில். கீழே கிடந்தவனை வயிற்றில் உதைத்தான். சுற்றி நின்றவர்கள் கத்தினார்களே தவிர யாரும் கிட்டே வரவில்லை.

பிரசாந்த் நாலடி பின்னால் போய்த் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தான். துப்பாக்கியோடு எடுத்து வந்த பையைப் பிரித்துக் குழலில் வெடிமருந்தைக் கொட்டினான். தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடித்துக் கெட்டித்தான். பையிலிருந்து பால்ஸை அள்ளிப் போட்டான். இரண்டு மண்ணில் விழுந்து உருண்டன. எஸ்.எல்.ஆராக இருந்திருந்தால் இதற்குள் இருபது குண்டும் தீர்ந்திருக்கும்.

கம்பி குழலில் இறங்கி ஏறுவதை ஜெயசுதா பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா சொன்னதைச் சொல்லாமல் விட்டால் பச்சமுத்துவின் கதை முடிந்துவிடும். ஒரு நொடி அவளுக்கும் அது வேண்டியிருந்தது. தரையில் கிடந்த பச்சமுத்து தலையை மறைக்கவில்லை. உடைந்த வாயால் ஏதோ சொன்னான். சுடு என்பது போல இருந்தது.

"பிரசாந்து, அத ரெடி பண்ணது நைனாடா."

"ஒதுங்கு யக்கா."

"குதிரைக்கு அடியில பாருடா. நம்பர் அடிச்சிருக்குது."

வீட்டில் இருக்கும் மண்வெட்டி, வாளி, சைக்கிள் எல்லாவற்றிலும் அப்பா தன் பட்டாள நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைக் குத்தி வைத்திருப்பார். பிரசாந்த் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான். நாலு இலக்கத்தையும் கட்டைவிரலால் தடவினான்.

"பொய்யி," என்றான். அவன் விரல் அதற்குள் கேப்பை மாட்டிவிட்டிருந்தது.

"நான்தான் ஸ்பிரிங்கப் புடிச்சிக்கினு இருந்தேன். சுடறதுன்னா என்னையும் சேத்து சுடு."

குழலைப் பிடித்து மேலே தள்ளினாள். வெடித்தது. குழல் வாயிலிருந்து வந்த நெருப்பு அவள் உள்ளங்கைத் தோலைப் பொசுக்கியது. புங்க மரத்திலிருந்து இலைகள் அவர்கள் மேல் உதிர்ந்தன. கொஞ்ச நேரம் யார் பேசுவதும் கேட்கவில்லை. பிரசாந்த் துப்பாக்கியைத் தரையில் அடித்தான். கட்டை பிளந்தது, குழல் வளையவில்லை. போலீஸ்காரர்கள் வந்து கையைப் பின்னால் மடக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் தளவானூரில் பந்தலுக்கு வெளியே பிரசாந்த் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். கொள்ளி வைத்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பச்சமுத்துவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்பாவின் தலைமாட்டில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெயசுதா இருந்தாள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் யார் பேரில், சரி பண்ணியது யார் என்று எழுதிக்கொண்டு போன எஸ்.ஐயிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். செத்தவன் பேரைக் கெடுத்துவிட்டாள் என்று பெரியப்பா அப்போதிருந்து அவளிடம் பேசவில்லை.

ஒப்பாரி சட்டென்று நின்றது. பந்தல் காலைப் பிடித்தபடி குஞ்சம்மாள் நின்றிருந்தாள். பச்சமுத்துவின் மனைவி. காலையில் கொல்லைக்குப் போன சேற்றுக் காலோடு, கையில் ஒரு மாலையோடு. யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜெயசுதா யாரையும் பார்க்காமல், பாயில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டாள்.