சித்தப்பாவின் நாக்கு குழறிய கதை

அண்ணன் மகளுடைய ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போதே சித்தப்பா கையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தார். தன் மெத்தைக் கடைக்கு இருபது விநாடி வானொலி விளம்பரம். தானே பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"மலை உச்சியில நின்னு பேசற மாதிரி எதிரொலிக்கணும்மா."

"அது ஒண்ணும் மாயமில்ல சித்தப்பா. மெஷின் உங்க குரலப் பிடிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சம் தாமதமாத் திருப்பி விடும். அரை விநாடி கழிச்சு விட்டா மலை. கண் இமைக்கறதுக்குள்ள விட்டா எதிரொலியே தெரியாது, குரல் மட்டும் தடிச்சுக் கேக்கும்."

"மலையே வை."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று தொடங்கினார். பஞ்சு, முதுகெலும்பு, கடை திறந்த நாள் என்று ஆறு நிமிடம் ஓடியது. "சுருக்கமா சித்தப்பா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நான்காம் முறை அவள் வாயைத் திறக்கவில்லை. தாமதக் குமிழை விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குத் திருகி, அவர் குரலை அவருடைய ஹெட்ஃபோனுக்கே அனுப்பினாள். தன் பேச்சே அந்த இடைவெளியில் துரத்திக்கொண்டு வந்தால் எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் நாக்கு குழறும்.

"மெத்... மெத்தையில... ப்படு..."

சித்தப்பா திருதிருவென்று விழித்தார். தாளைப் புரட்டினார். கடைசியில், கனமான பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பதுபோலச் சொன்னார்: "நல்ல மெத்தை. நல்ல தூக்கம். வாங்க."

பதினொரு விநாடி. அவள் அசந்துபோனாள்.

ஆனால் வெளியே வந்த சித்தப்பாவின் முகம் வெளிறியிருந்தது. "டாக்டரப் பாக்கணும்மா. வாய் என் பேச்சக் கேக்கல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவைப் போடச் சொன்னார். மலை எதிரொலியோடு இரண்டு தடவை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றவர், குமிழைக் குனிந்து பார்த்தார். "கடையில உங்கப்பாவுக்கும் பாதி பங்கு. நாளைக்கு அவரையும் பேசச் சொல்லுவோம். முப்பது வருஷமா அண்ணன் பேசி நான் கேட்டுட்டிருக்கேன்."

"தப்பு சித்தப்பா."

"தப்புதான். எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வர?"

அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பத்து மணிக்கு வரவிருந்த பாடகரை மதியத்துக்கு மாற்றினாள்.